தொடக்கநிலை ஆங்கில வகுப்பறைச் செயல்பாடுகள்

தொடக்கநிலை ஆங்கில வகுப்பறைச் செயல்பாடுகள் என்பவை, ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்கும் சிறுவர்களுக்கு விளையாட்டு, பாடல், உரையாடல், படஅட்டை முதலியவற்றின் வழியாக அம்மொழியை அறிமுகப்படுத்தும் கற்பித்தல் முறைகள் ஆகும். எழுத்தையும் இலக்கணத்தையும் மனப்பாடம் செய்விக்கும் முன்னர், கேட்டதைப் புரிந்துகொண்டு செய்கையாலும் சொல்லாலும் பதிலளிக்கப் பழக்குவது இவற்றின் நோக்கம். தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இத்தகைய செயல்பாடுகள் செயல்வழிக் கற்றல் முறையின் வாயிலாகப் பரவின.

தேவை

தாய்மொழியைக் குழந்தை முதலில் நெடுநாள் கேட்கிறது, பின்னர் பேசுகிறது, எழுத்து அதற்கும் பின்னரே வருகிறது. ஆங்கிலப் பாடத்தில் இவ்வரிசை பெரும்பாலும் தலைகீழாகி, எழுத்துகளை எழுதிப் பழகுவதிலேயே கற்றல் தொடங்குகிறது. இதனால் பொருள் அறியாமல் எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலை உருவாகிறது.

விருதுநகர் மாவட்டத்தின் ஆலங்குளம் போன்ற ஊர்களில், வீட்டில் ஆங்கிலம் பேசப்படாத மாணவர்கள் முழு ஆங்கில வாக்கியங்களைக் கேட்டுப் பதில் சொல்லக்கூடிய இடம் வகுப்பறையே. ஆயினும் பஸ், பென்சில், பால், சைக்கிள் போன்ற சொற்களை அவர்கள் முன்பே அறிந்திருப்பதால், பாடத்தை அவற்றிலிருந்து தொடங்க இயலும்.

வரலாறு

சென்னை மாநிலத்தில் 1959 இல் ஆங்கிலக் கற்பித்தலுக்கான பெரும் பயிற்சி இயக்கம் ஒன்று தொடங்கியது. பயிற்சி பெற்றவர்கள் பிறருக்குப் பயிற்சி அளிக்க, எண்ணிக்கை பெருகிச் சென்றதால், உருளும் பனிப்பந்துடன் ஒப்பிட்டு இது 'மெட்ராஸ் ஸ்னோபால்' எனப்பட்டது. வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து அரியதற்கு வரிசைப்படுத்தி, திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது இதன் முறையாகும்.

மொழியியலாளர் என். எசு. பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய பெங்களூர்த் திட்டம் வேறு வழியில் சென்றது. வரைபடம், கால அட்டவணை முதலியவற்றைக் கொண்டு சிக்கல்களுக்குத் தீர்வு காணும்போது, மாணவரின் கவனம் பொருளின் மீது இருக்கும்; மொழி அதனூடே படியும் என்பது அவர் கருத்து.

ஆந்திரப் பிரதேசத்தின் ரிசி பள்ளத்தாக்கில் உருவான அட்டை வழிக் கற்றலைப் பின்பற்றி, 2003 இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. இதில் அப்போதைய ஆணையர் எம். பி. விசயகுமார் முதன்மைப் பங்காற்றினார். 2007-08 கல்வியாண்டில் இம்முறை மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது. கற்றல் ஏணி, படஅட்டைகள், மாணவர் உயரத்துக்கேற்ற கரும்பலகை, மாணவர் படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல் ஆகியன இதன் அடையாளங்கள். 2022 இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம் தமிழ், கணிதத்துடன் ஆங்கிலத்தையும் உள்ளடக்கி, மாணவரை அரும்பு, மொட்டு, மலர் என நிலைப்படுத்தியது.

செயல்பாடுகள்

கட்டளைக்கு இயங்குதல்: 'ஸ்டாண்ட் அப்', 'டச் யுவர் நோஸ்' போன்ற கட்டளைகளை ஆசிரியர் சொல்லிச் செய்துகாட்டுவார், மாணவர் செய்வர். பேசும்படி வற்புறுத்தாததால் கூச்சம் தடையாவதில்லை. அமெரிக்க உளவியலாளர் சேம்சு ஆசர் இதனை ஒரு கற்பித்தல் முறையாக வகுத்தார்.

பொருள்களைச் சுட்டுதல்: புளியங்கொட்டை, இலை, சாக்பீஸ் ஆகியவற்றைக் கொண்டு எண்ணும் நிறமும் கற்பிக்கப்படுகின்றன. தனிச் செலவு தேவையில்லை.

அபிநயப் பாடல்: சைகையுடன் கூடிய பாடல்கள் ஒரே வாக்கிய அமைப்பைச் சலிப்பின்றித் திரும்பக் கேட்க உதவுகின்றன.

மறைபொருள் விளையாட்டு: ஒருவர் பையில் ஒரு பொருளை மறைத்துவைக்க, மற்றவர் 'இஸ் இட் எ பென்?' எனக் கேட்டுக் கண்டறிவார். விடை கேட்பவருக்கு உண்மையிலேயே தெரியாது என்பதால், வினா வெறும் ஒப்பித்தலாக இராது.

ஒலி வேறுபாடு அறிதல்: குண்டூசியையும் குப்பைத் தொட்டியையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் இரண்டும் தமிழில் 'பின்' என்றே எழுதப்படும். முதலொலி ஒன்றில் அதிர்வின்றியும் மற்றொன்றில் அதிர்வுடனும் பிறக்கிறது. ஆசிரியர் ஒன்றைச் சொல்ல, மாணவர் உரிய படத்தைத் தொடுவர். ஆங்கிலச் சொல்லின் மேல் தமிழில் ஒலிப்பை எழுதிக்கொள்ளும் வழக்கம் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

சிக்கல்கள்

கணிதத்திலும் தமிழிலும் மாணவர் அட்டையைக் கொண்டு ஓரளவு தாமாகவே முன்னேற இயலும். தமிழ் அட்டையிலுள்ள சொல்லின் ஒலியை மாணவர் முன்பே அறிவார். ஆங்கில அட்டையில் அது முடியாது. அட்டை ஒலிப்பதில்லை. ஆகவே ஆங்கிலத்தில் ஆசிரியரின் குரலே முதன்மைக் கருவியாகிறது. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைக் கவனிக்கும் பள்ளிகளில் இதற்குக் கிடைக்கும் நேரம் குறைவு. ஆங்கிலம் பேசத் தயங்கும் ஆசிரியருக்கு, கட்டளைகள், வினாக்கள் எனச் சில வாக்கியங்களை நாள்தோறும் பயன்படுத்துவது நல்ல தொடக்கமாக அமையும். எழுத்துத் தேர்வை மட்டும் கொண்டு மதிப்பிட்டால் கேட்டலும் பேசலும் கணக்கில் வாரா. அந்நிலையில் செயல்பாடுகள் மீண்டும் மனப்பாடத்துக்கு இடம்விடக்கூடும்.

இவற்றையும் பார்க்க

செயல்வழிக் கற்றல்
எண்ணும் எழுத்தும் திட்டம்
தமிழ்நாட்டில் கல்வி