இருபத்தைந்து சதமும் ஒரு நாட்டின் சுகமும்

கொழும்பு மாநகரின் வடபாலிலே கொட்டாஞ்சேனை, தென்பாலிலே வெள்ளவத்தை. துறைமுகத்தை அண்டி வாழும் தொழிலாளியும் காலி வீதியை அண்டி வாழும் உத்தியோகத்தரும் நோயுற்றுப் பெரியாஸ்பத்திரியை அடைந்தால் இருவருக்கும் நீதி ஒன்றே. வைத்தியத்துக்குப் பணம் கேட்பாரில்லை. கேட்பாரில்லை என்பதனால் அவ்வைத்தியம் செலவின்றி நடைபெறுகின்றது என எண்ணிவிடலாகாது. அச்செலவைத் தாங்குவோர் யார்? எவ்வளவு தாங்கலாம்? தாங்கியதனால் விளைந்த பயன் யாது? இவ்வினாக்களை ஆராயும் துறையே சுகாதாரப் பொருளியல்.

அமெரிக்கப் பொருளியலறிஞர் கெனத் அரோ 1963ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையை இத்துறையின் அடித்தளம் என்பர். நோய் எப்போது வருமென்று எவரும் அறியார். பெற்ற வைத்தியம் தக்கதா என்று நோயாளி அளந்தறியவும் இயலாது. ஆதலின் வைத்தியத்தைக் கடைச்சரக்கைப் போலக் கருதுதல் பொருந்தாது என்பது அவர் காட்டிய உண்மை. ஆயினும், அக்கட்டுரை பிறப்பதற்கு முன்பே இலங்கை அதே வினாக்களோடு போராடத் தொடங்கிவிட்டது.

1931ஆம் ஆண்டில் இலங்கை மக்கள் சர்வசன வாக்குரிமை பெற்றனர். மூன்றாண்டுகள் கழிந்தன. 1934இல் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளிலே நுளம்பு பெருகியது. 1934, 1935ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ எண்பதாயிரம் உயிர்களைக் கொண்டது. பசியால் மெலிந்த உடலிலே காய்ச்சல் எளிதில் வென்றது. வாக்குரிமை பெற்ற மக்களின் துயரை ஆட்சியாளர் புறக்கணித்தல் இனி இயலாதென்பதும் தெளிவாயிற்று. கிராமப்புறங்களிலே ஆஸ்பத்திரிகள் பெருகலாயின.

இரண்டாம் உலகப் போரின் முடிவிலே டி.டி.ரி. மருந்து தெளிக்கும் பணி தொடங்கியது. 1946இல் ஆயிரம் பேருக்கு 20.2 ஆக இருந்த மரண வீதம் 1947இல் 14.3 ஆகக் குறைந்தது. பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறையுமுன் இறந்தோர் தொகை 141இலிருந்து 101 ஆயிற்று. உலகின் அறிஞர் கண்கள் இச்சிறு தீவின் மீது திரும்பின. இவ்வீழ்ச்சிக்குக் காரணம் மருந்தா, உணவா, ஆஸ்பத்திரியா? பொருளியலாளர் பீற்றர் நியூமன் 1965இல் வெளியிட்ட நூலிலே, போருக்குப் பிந்திய மரணக் குறைவில் மலேரியா ஒழிப்புக்குப் பெரும் பங்குண்டு என வாதித்தார். எஸ். ஏ. மீகமவும் 1967இல் இதனை ஆராய்ந்தார். 1974இல் ஆர். எச். கிறே என்பவரோ அப்பங்கு ஏறத்தாழ நூற்றுக்கு இருபத்து மூன்றே எனக் கணித்தார். வெறும் எண்களைப் பற்றிய வழக்கன்று இது. ஒரு வறிய நாடு தன் கையிலுள்ள ரூபாயை எதிலே இட்டால் மிகுதியான உயிர்கள் தப்பும் என்பதே அதன் உட்பொருள்.

வெற்றியிலும் ஒரு பாடம் இருந்தது. 1963இல் நாடு முழுவதிலும் பதினேழு மலேரியா நோயாளரே காணப்பட்டனர். நோய் ஒழிந்ததென்று கருதிப் பணி தளர்ந்தது. 1968, 1969ஆம் ஆண்டுகளில் அது மீண்டும் இலட்சக்கணக்கானோரைப் பற்றியது. சிக்கனம் என்று எண்ணியது பெருஞ்செலவாய் முடிந்தது. மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது 2016ஆம் ஆண்டிலேதான்.

அரச வைத்தியசாலைகளில் அறவிட்ட கட்டணம் 1951இல் நீக்கப்பட்டது. இருபதாண்டுகள் கழித்து, 1971இல், வெளிநோயாளரிடம் இருபத்தைந்து சதம் அறவிடும் முறை வந்தது. தொகை மிகச் சிறிது. ஆயினும் வைத்தியசாலையை நாடுவோர் தொகை குறைந்தது. தேவையின்றி வந்தவர் நின்றனரா, தேவையிருந்தும் கையில் சதமின்றி நின்றனரா? அரசாங்கக் கணக்கேட்டில் இரண்டும் சிக்கனமாகவே தோன்றும். தாயின் கையிலிருக்கும் காய்ச்சற் குழந்தைக்கு அவை ஒன்றல்ல. 1977இல் அக்கட்டணமும் நீங்கியது.

கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் தோன்றியது. எனினும், உயர்படிப்பை நாடிய வைத்தியர் நெடுங்காலம் இங்கிலாந்துக்கே கப்பலேறினர். 1980இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பட்டப்பின் மருத்துவ நிறுவகம் உருவாகியது. சமுதாய மருத்துவம், மருத்துவ நிருவாகம் ஆகியவற்றை உள்நாட்டிலேயே பயில அது வழி செய்தது. 1985இல் றொக்பெல்லர் மன்றம், குறைந்த செலவில் நிறைந்த சுகம் கண்ட நாடுகளை ஆராய்ந்தபோது, சீனா, கேரளம், கொஸ்தாரிக்கா ஆகியவற்றோடு இலங்கையையும் எடுத்துக்காட்டியது.

அப்புகழோடு ஆறுதலடைந்துவிட முடியாது. இன்று நீரிழிவும் இருதய நோயும் நெடுங்கால மருந்தை வேண்டுகின்றன. தனியார் வைத்தியத்துக்கும் மருந்துக் கடைக்கும் மக்கள் தம் கைப்பணத்தைச் செலவிடுகின்றனர். பட்டப்பின் படிப்பை மேற்கொள்ளும் இளைஞர்க்கு அரோவின் கோட்பாடு வேண்டும். புள்ளிவிவர அறிவும் வேண்டும். இவற்றோடு, அந்த இருபத்தைந்து சதத்தின் வரலாறும் வேண்டும். வைத்தியசாலைக்கு வந்தோரை எண்ணுதல் எளிது. வர இயலாது வீட்டிலிருந்தோரையும் எண்ணக் கற்பதே கல்வி.