மிட்லண்டில் பிறந்த அட்டை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மிட்லண்ட் என்றோர் ஊர். போபால் புகழ் யூனியன் கார்பைடைப் பின்னாளில் வாங்கிய டவ் கெமிக்கலின் ஊர். 1990-களின் நடுவில் அங்கே ஓர் அட்டை பிறந்தது. அதில் மேலும் கீழுமாகக் கல்விக் கொள்கைகளின் வரிசை. ஒரு முனையில் அரசுப் பள்ளியே வேண்டாம் என்ற நிலை. மறுமுனையில் எல்லாமே அரசின் கையில். வரிசையின் மேல் ஏற்றி இறக்க ஒரு நகரும் துண்டு. அது காட்டும் பகுதிக்குள் இருப்பதை மட்டுமே ஓர் அரசியல்வாதி ஓட்டு இழக்காமல் பேசலாம்.

செய்தவர் ஜோசஃப் ஓவர்டன். டவ் கெமிக்கலில் வேலை பார்த்த பொறியாளர். பிறகு மேக்கினாக் மையத்துக்கு வந்தார். சந்தைப் பொருளாதாரத்தை ஆதரிக்கும் இந்தக் கொள்கை ஆய்வு நிறுவனத்துக்கு வாஷிங்டனைவிட மிச்சிகன் அரசியல் மீதுதான் கண். மையத்தின் வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு விளக்கவே அட்டை. எம்.எல்.ஏ.வின் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், ஊர்ப்பேச்சை நகர்த்தினால் அவர் தானே பின்னால் வருவார் என்பதே அதன் பாடம்.

2003-இல் சிறு விமான விபத்தில் ஓவர்டன் இறந்தார், வயது 43. சக ஊழியர் ஜோசஃப் லேமன் அந்தக் கருத்துக்கு 'ஓவர்டன் ஜன்னல்' என்று அவர் பெயரையே வைத்தார். 2010-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி வர்ணனையாளர் கிளென் பெக் எழுதிய நாவலுக்கும் அதுவே தலைப்பு.

மிச்சிகனில் அட்டையின் பாடம் பெரிதாகப் பலித்தது தொழிற்சங்க விவகாரத்தில். சங்கத்துக்குப் பணம் கட்டுவதை வேலைக்கு நிபந்தனையாக்கக் கூடாது என்று மையம் ஆண்டுக்கணக்கில் எழுதியது, பேசியது. 1936-37-இல் ஃபிளின்ட் நகர ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடிச் சங்கத்துக்கு அங்கீகாரம் வாங்கிய மாநிலம் அது. அங்கே இது நடக்கிற காரியமா? ஆளுநர் ரிக் ஸ்னைடரும் இது தன் திட்டத்தில் இல்லை என்றே சொல்லிவந்தார். 2012 டிசம்பர் 11 அன்று, மாநிலத் தலைநகர் லான்சிங்கில் சட்டமன்றத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கானோர் முழங்கிக்கொண்டிருக்க, அதற்கான சட்டத்தில் அவரே கையெழுத்திட்டார். மையம் மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்வது மிகை. ஆனால் நினைக்க முடியாததை விவாதிக்கத் தக்கதாக மாற்றிய வேலையில் அதன் பங்கு பெரிது.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. 2023-இல் ஜனநாயகக் கட்சியினர் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். 2024 பிப்ரவரியில் நீக்கம் நடைமுறைக்கு வந்தது.

கருத்தால் மக்களை நகர்த்துவதில் பிழையில்லை. ஜனநாயகத்தின் வழியே அதுதான். என்னை உறுத்துவது, இத்தகைய நிறுவனங்கள் பலவும் நன்கொடையாளர்களின் பெயரைச் சொல்லாததுதான். நம் ஊரிலும் ஓர் ஆய்வறிக்கை திடீரென்று எல்லோர் வாயிலும் அடிபட்டால், அதன் முடிவை ஏற்பதற்கு முன் அதற்குப் பணம் கொடுத்தது யார் என்று கேளுங்கள்.