செலக்டின்: ஆமணக்கில் முளைத்த பெயர்

வெள்ளையணுவின் மேற்பரப்பில் உள்ள புரதங்களில் ஒன்றுக்கு எல்-செலக்டின் என்று பெயர். இந்தப் பெயர் வழக்குக்கு வந்தது 1991-இல்தான். ஆனால் அதன் வேரைத் தோண்டினால் அதற்கும் நூறாண்டுக்கு முன்பு ஓர் ஆமணக்கு விதையில் போய் முட்டும்.

இன்று எஸ்தோனியாவில் தார்த்து என வழங்கும் ஊருக்கு அப்போது டோர்பாட் என்று பெயர். அங்கே பல்கலைக்கழக மாணவராக இருந்த ஸ்டில்மார்க் 1888-இல் ஆமணக்கு விதையின் நச்சான ரிசினைப் பிரித்தெடுத்தார். அதை இரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டன. சில ஆண்டுகளில் குன்றிமணியிலிருந்து அப்ரின் கிடைத்தது. தட்டார்கள் பொன் நிறுக்க எடைக்கல்லாக வைத்திருந்தார்களே, அதே குன்றிமணிதான். இவ்விரு நஞ்சுகளையும் சுண்டெலிகளுக்குச் சிறுகச் சிறுகக் கொடுத்து, உடல் எப்படி எதிர்ப்பைப் பெறுகிறது என்று பால் எர்லிக் ஆராய்ந்தார். நோயெதிர்ப்பியலுக்கு அடித்தளம் இட்டதில் நம் வேலியோரத்து விதைகளுக்கும் பங்குண்டு.

அக்காலத்தில் இவற்றை அக்ளுட்டினின், அதாவது ஒட்டவைப்பவை, என்றார்கள். அந்தப் பெயர் போதவில்லை. நம் காய்கறிக் கடைகளில் டபுள் பீன்ஸ் என்று விற்கும் லீமா அவரையின் சாறு, ஏ வகை இரத்தத்தை ஒட்டவைத்து ஓ வகையை விட்டுவிடுவதை 1940-களில் பாஸ்டனைச் சேர்ந்த வில்லியம் பாய்ட் கண்டார். கண்டதையெல்லாம் ஒட்டாமல், ஆள் பார்த்து ஒட்டுகிறது. 1954-இல் பாய்டும் ஷேப்லியும் லெக்டின் என்ற பெயரை முன்வைத்தார்கள். மூலச்சொல் லத்தீனின் லெகெரே. கொய்வதற்கும் பொறுக்குவதற்கும் தேர்வதற்கும் வாசிப்பதற்கும் அந்த மொழியில் அந்த ஒரே வினைதான். குன்னூர்ச் சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் விரல்கள் முற்றிய இலையை விட்டு, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுகின்றனவே, அதுதான் லெகெரே. உயிரணுவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைத் தொடர்களில் தனக்கு உரியதை மட்டும் பிடிப்பது லெக்டின்.

1980-களில் இரத்த அணுக்களிலும் இரத்தக்குழாய்ச் சுவரிலும் உள்ள புரதங்களை ஆராய்ந்த ஆய்வகங்கள் ஆளுக்கொரு பெயர் வைத்தன: மெல்-14, ஈலாம்-1, ஜிஎம்பி-140, பேட்ஜெம். கடைசி இரண்டும் ஒரே புரதம்! 1989-இல் மரபணுக்களைப் படித்தபோது, மொத்தம் மூன்றே புரதங்கள் என்றும் மூன்றின் நுனியிலும் லெக்டின் அமைப்பு இருக்கிறது என்றும் தெரிந்தது. இரண்டாண்டு கழித்து ஆய்வாளர்கள் கூடி செலக்டின் என்ற பெயரை ஏற்றார்கள். வெள்ளையணுவில் இருப்பது எல், இரத்தக்குழாயின் உட்சுவரில் தோன்றுவது ஈ, தட்டணுவில் முதலில் கண்டது பி. உயிரணுக்களின் மேற்பரப்புப் புரதங்களுக்கு எண்ணிட 1982-இல் பாரிஸில் தொடங்கிய சிடி வரிசையில் இவை சிடி 62. எண் அடையாளம் காட்டும். பெயரோ வேலையைச் சொல்லும். என் வாக்கு பெயருக்கே.

அந்த வேலையைப் பாருங்கள். கிருமி புகுந்த இடத்தில் குழாயின் உட்சுவர் சில நிமிடங்களில் பி-செலக்டினையும், சில மணி நேரத்தில் ஈ-செலக்டினையும் வெளியே நீட்டுகிறது. ஓடிவரும் வெள்ளையணு அவற்றில் தட்டி, வேகம் குறைந்து, சுவரோரமாக உருள்கிறது. அழற்சியின் சமிக்ஞை எட்டியதும் அதன் தோற்றமே மாறுகிறது. ஒரு நொதி எல்-செலக்டினை வெட்டி உதிர்க்கிறது. உள்ளே சேமிப்பில் இருந்த சிடி 11பி என்ற ஒட்டுப் புரதம் மேலே வருகிறது. உருண்டது இறுகப் பற்றி நின்று, சுவரைக் கடந்து திசுவுக்குள் போகிறது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு வகை ஓய்வில் இருக்கும்போது அதில் மிகக் குறைவாக இருக்கும் சிடி 64 என்ற புரதம் கூட, பாக்டீரியத் தொற்றில் சில மணி நேரத்தில் பெருகுகிறது. அதை அளந்து தொற்றை அறியும் சோதனைகளும் வந்திருக்கின்றன.

வெள்ளையணுவின் இந்த ஒட்டுதலில் நீலகிரிக்குத் தனிக் கவலை உண்டு. 1952-இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் இம்மலையின் பழங்குடியினரிடம் அரிவாளணு நோயின் மரபைக் கண்டு எழுதினார்கள். இந்தியாவில் இதுபற்றி வந்த முதல் அறிக்கைகளில் அது ஒன்று. அரிவாளாக வளைவது சிவப்பணு என்பதால் பேச்செல்லாம் அதைப் பற்றியே நடந்தது. ஆனால் இந்நோயில் உயிரை வாட்டும் வலியில் வெள்ளையணுவுக்கும் பங்குண்டு. செலக்டினைப் பிடித்துச் சுவரில் ஒட்டிய வெள்ளையணுவின் மேல் வளைந்த சிவப்பணுக்கள் சிக்கி, மெல்லிய குழாய் அடைபடுகிறது. தொற்றுக் காய்ச்சல் வலியைக் கிளப்புவதற்கு இது ஒரு காரணம். இந்நோய்க்குப் பல ஆண்டுகளாகப் பயன்படும் ஹைட்ராக்சியூரியா மருந்து வெள்ளையணுக்களின் எண்ணிக்கையையும் குறைக்கிறது. பி-செலக்டினை மறிக்கும் கிரிசான்லிசுமாப் மருந்துக்கு அமெரிக்கா 2019-இல் அனுமதி தந்தது. அடுத்து நடந்த சோதனையில் பலன் உறுதிப்படாததால் 2023-இல் ஐரோப்பா தன் அனுமதியைத் திரும்பப் பெற்றது.

கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனையும் கோத்தகிரியில் நாவா அமைப்பும் இந்நோயாளிகளைக் கவனித்து வருகின்றன. இந்நோயை ஒழிக்க 2023-இல் தொடங்கிய தேசிய இயக்கத்தின் கீழ் 40 வயது வரையுள்ளவர்களுக்குப் பரிசோதனை நடக்கிறது. பழங்குடிக் குடும்பங்களோடு பழகும் ஆசிரியர்களுக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இந்நோயை விளக்கும்போது அரிவாளோடு நிறுத்தாதீர்கள். வெள்ளையணுவைப் பற்றியும் சொல்லுங்கள். அரிவாளணு உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிவரச் சொல்லுங்கள்.