இரு தரைக்கும் ஒரு ரயர்

1847 ஆம் ஆண்டு லண்டன் மாநகரத்து ரீஜன்ற் பூங்காவிலே ஒரு குதிரைவண்டி ஓசையின்றி ஓடிற்று. கல் பரவிய வீதிகளில் இரும்புப் பட்டம் பூட்டிய சில்லுகளின் இரைச்சலையே கேட்டுப் பழகிய மக்களுக்கு அது பெரும் வியப்பாயிருந்தது. அவ்வண்டியின் சில்லுகளில் இரும்புக்குப் பதிலாகக் காற்று நிரப்பிய குழாய்கள் பொருத்தப்பட்டிருந்தன. இறப்பர் பூசிய துணியினாற் செய்த குழாய். அதற்கு மேலே தடித்த தோலுறை. இதனை ஆக்கியவர் றொபேட் வில்லியம் தொம்சன் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர். 1845 டிசம்பர் 10 ஆம் திகதி இதற்கான காப்புரிமையைப் பெற்றபோது அவருக்கு வயது 23. ஒரு தொகுதிச் சில்லுகள் 1,200 மைல் ஓடியும் கெடவில்லை என்பது அக்காலச் செய்தி.

தொம்சன் வெளியுறைக்குத் தோலைத் தேர்ந்ததிலேதான் இந்த வரலாறு முழுவதற்கும் உரிய சிக்கல் அடங்கியிருக்கிறது. தோல் தேயாது நின்று பிடிக்கும். ஆனால் தரையைப் பற்றாது. இறப்பரோ தரையைப் பற்றும், பற்றுவதாலேயே தேயும். குதிரை இழுக்கும் வண்டிக்குத் தரையைப் பற்ற வேண்டிய கடமை குதிரையின் குளம்புகளுக்கே உரியது. சில்லு சுகமாக உருண்டாற் போதும். சில்லே வண்டியை உந்தவும் நிறுத்தவும் வேண்டிய காலம் வந்தபோது, நீடித்து உழைப்பதும் நிலத்தைப் பற்றுவதுமாகிய இவ்விரு குணங்களும் ஒன்றோடொன்று மோதத் தொடங்கின. தார் வீதியிலும் மண் வீதியிலும் ஒரே மோட்டார்ச் சைக்கிளை ஓட்ட விரும்புவோர் இன்றும் ரயர்க் கடையின் வாயிலில் நின்று தீர்க்க முயல்வது இம்மோதலையே.

இறப்பர் தானும் ஆதியில் நம்பத் தகாத பொருளாகவே இருந்தது. வெயிலிற் பிசினாகி ஒட்டும். குளிரில் விறைத்து வெடிக்கும். 1839 ஆம் ஆண்டு அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர் அதனைக் கந்தகத்துடன் சேர்த்து வெப்பமேற்றி, இரு பருவத்தையும் தாங்கும் பொருளாக்கினார். 1844 இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். கந்தகத்தைச் சிறிதளவு சேர்த்தால் இறப்பர் மென்மையும் இழுபடுந் தன்மையும் உடையதாயிருக்கும். மிகுதியாகச் சேர்த்தால் மரம்போல் இறுகிவிடும். எவ்வளவு மென்மை, எவ்வளவு வன்மை என்று அளந்து கலக்கும் தொழில் அன்றே பிறந்துவிட்டது.

தொம்சனின் காற்றுச் சில்லை உலகம் மறந்துபோயிற்று. பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொயிட் டன்லொப், தம் மகனின் முச்சக்கர மிதிவண்டிக்காக அதனை மீண்டும் கண்டு, 1888 இற் காப்புரிமை பெற்றார். தொம்சன் முந்திக்கொண்டமை வெளிப்பட்டதும் அவ்வுரிமை செல்லாதாயிற்று. எனினும் வணிகம் தளரவில்லை. 1894 இல் ஜேர்மனியில் ஹில்டபிராண்ட், வொல்ஃப்முல்லர் என்போரின் பெயரால் விற்பனைக்கென ஆக்கப்பட்ட முதல் மோட்டார்ச் சைக்கிள் காற்று ரயர்களின் மீதே ஓடிற்று.

அக்காலத்து ஓட்டுநர்க்குத் தார் வீதிக்கு ஒரு ரயர், மண் வீதிக்கு ஒரு ரயர் என்ற பாகுபாடு இல்லை. வீதி என்பதே மண்ணும் புழுதியும் குதிரை இலாடத்து ஆணிகளுமாக இருந்தது. 1907 மே 28 ஆம் திகதி மான் தீவில் நடந்த முதலாவது ரி.ரி. ஓட்டப் போட்டியைக் கருதினால் இது விளங்கும். புழுதியை அடக்குவதற்காக வீதியில் ஓர் அமிலக் கரைசலைத் தெளித்தார்கள். அது ஓட்டுநர்களின் உடைகளைப் பொத்தலாக்கியதுதான் கண்ட பலன். இரட்டை உருளை வண்டிப் பிரிவில் நோட்டன் வண்டியில் வந்த றெம் ஃபவுலர், வழியிற் பலமுறை நின்று பழுது பார்க்க நேர்ந்தது. மணிக்கு ஏறத்தாழ 60 மைல் வேகத்தில் முன் ரயர் வெடித்து அவர் வீழ்ந்தார். போட்டியைக் கைவிட எண்ணியவரிடம், தம் பிரிவில் அவரே வெகுதூரம் முன்னே நிற்கிறார் என்று பார்வையாளர் ஒருவர் கூற, மீண்டும் ஏறி ஓடி வெற்றியும் பெற்றார். மணிக்கு 36 மைல் என்பதே அவரது சராசரி வேகம். இயந்திரம் அதற்கு மேல் ஓடவல்லது. அதனைத் தடுத்தவற்றுள் ரயரும் ஒன்று.

அக்கால ரயர்கள் கறுப்பு நிறத்தனவுமல்ல. நாக ஒட்சைட்டுக் கலந்த அவை வெண்மையாகவே இருந்தன. சில ஆயிரம் மைல்களில் தேய்ந்தொழிந்தன. 1904 ஆம் ஆண்டளவில் லண்டனின் சில்வர்ரவுண் தொழிற்சாலையில், மிக நுண்ணிய காபன் கரியை இறப்பரோடு கலந்தால் அதன் வலிமை பன்மடங்காகப் பெருகுவது அறியப்பட்டது. அடுத்த பத்தாண்டிற் பெரிய உற்பத்தியாளர் பலரும் அதனைக் கைக்கொண்டனர். அடுப்பங்கரைச் சுவரிற் படியும் புகைக்கரிக்கு உறவான ஒரு தூள், ரயரின் ஆயுளை நீட்டியது. வெயிலின் ஊதாக் கடந்த கதிரிலிருந்தும் காத்தது. ரயர் கறுத்ததற்குக் காரணம் இதுவே.

வீதிகளும் கறுத்தன. 1902 இல் எட்கார் ஹூலி என்னும் பொறியியலாளர் தாரிட்ட கல் வீதிக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் வந்த ஆண்டுகளில் நகரங்களின் வீதிகள் மழமழப்பாயின. அப்பொழுதுதான் ரயர்கள் இரு குலமாகப் பிரிந்தன.

மோட்டார்ச் சைக்கிள் தரையைத் தொடும் இடம் மிகச் சிறிது. ஒவ்வொரு சில்லின் கீழும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு. வளைவிற் சாய்வதும், பிறேக் பிடித்து நிற்பதும், சேற்றிலிருந்து மீள்வதும் அந்த உள்ளங்கையை நம்பியே. தார் வீதியில் இறப்பர் கல்லின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் அமுங்கிப் பற்றுகிறது. ஆகவே இறப்பர் எவ்வளவு அதிகமாகத் தரையிற் படுகிறதோ அவ்வளவு நல்லது. மழைநீர் வழிந்தோடுதற்குச் சில தவாளிப்புகள் இருந்தாற் போதும். சேற்றிலும் மணலிலும் பற்றிக்கொள்ளக் கல் இல்லை. ஏர்க்கொழுப் போல ரயர் மண்ணுட் புகுந்து அதனை நெருக்கித் தள்ளுதல் வேண்டும். அதற்கு உயர்ந்த இறப்பர்க் கட்டிகள் தேவை. அப்பிய சேறு தானே உதிர்வதற்குக் கட்டிகளிடையே அகன்ற இடைவெளியும் தேவை.

இனி, சேற்றுக்கு ஆக்கிய ரயரைத் தார் வீதியில் ஓட்டிப் பார்க்கலாம். கட்டிகளின் உச்சி மாத்திரமே தரையைத் தொடும். பிறேக் பிடிக்கையில் உயர்ந்த கட்டிகள் வளைந்து நெளியும். நெளிவதால் வெப்பம் பிறக்கும். வெப்பத்தினால் தேய்வு விரையும். பாரமான வண்டியின் பின்சில்லில் இத்தகைய ரயர் 5,000 கிலோமீற்றரைக் காணாமலே முடிந்துபோதல் உண்டு. கட்டிகளைத் தாழ்த்தி, நெருக்கி, இறப்பரை இறுக்கமாக்கினால் 15,000 கிலோமீற்றரும் ஓடக்கூடும். அப்பொழுது, மழை பெய்து பளபளக்கும் வளைவில் அந்த இறுகிய இறப்பர் சட்டென வழுக்கும். ஆயுள் நீண்ட ரயர் சிக்கனமானது என்று புகழ்வோர் இந்த வளைவைப் பெரும்பாலும் பேசுவதில்லை. நான்கு சில்லு வண்டி வழுக்கினால் நெளிந்தது தகரம் என்று தேறலாம். இரு சில்லு வண்டியில் முன்சில்லு வழுக்கினால் வீழ்வது ஓட்டுபவரே.

இலங்கைக்கும் இவ்வரலாற்றிற் பங்குண்டு. ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த விதைகளிலிருந்து கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகளுள் 1,919 கன்றுகள் 1876 இல் இலங்கைக்குக் கப்பலேற்றப்பட்டு, கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. அரை நூற்றாண்டுக்குள் ஆசியாவின் தோட்டங்களே உலகின் ரயர்களுக்குப் பாலூட்டின. 1942 இல் யப்பானியர் மலாயாவையும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளையும் கைப்பற்றியதும் நேச நாடுகளுக்கு எஞ்சிய பெரிய இறப்பர் ஊற்று இலங்கையே. மரத்தின் ஆயுளையும் பொருட்படுத்தாது பால் வெட்டினர். அந்த நெருக்கடியில் அமெரிக்கா பெற்றோலியத்திலிருந்து செயற்கை இறப்பரைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கிற்று. போர் முடிந்த பின்னரும் அது ஒழியவில்லை; தேய்வைத் தாங்குவதிலும் ஈரத் தரையைப் பற்றுவதிலும் அதற்குத் தனிச் சிறப்புண்டு எனக் கண்ட வேதியியலாளர் இரண்டையும் கலக்கலாயினர்.

இரு தரைக்கும் ஒரே வண்டி என்ற எண்ணம் மீண்டும் மக்களிடையே பரவியது 1968 இல். யமஹா நிறுவனம் 250 சி.சி. கொண்ட டி.ரி.-1 என்னும் வண்டியை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கிழமை நாளில் வேலைக்குச் செல்லவும் ஓய்வு நாளில் காட்டுப் பாதையில் ஏறவும் அது உதவிற்று. பிரித்தானியாவின் சேற்றுமலைப் போட்டிகளில் வழங்கிய ரயர்களைப் போல நெருங்கிய சதுரக் கட்டிகளையுடைய ரயர்களை அது பூண்டிருந்தது. வேகம் குறைந்த, பாரமில்லாத வண்டி. ஆகவே தேய்வு பெருங்குறையாகத் தோன்றவில்லை.

பாலைவனம் அந்த நிலையை மாற்றிற்று. 1977 இல் தியெரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர் ஓர் ஓட்டப் போட்டியின் நடுவே சகாராவில் வழி தவறி உயிர் பிழைத்தார். பிழைத்தவர் பாலைவனத்தை வெறுக்கவில்லை. பாரிஸ் நகரிலிருந்து டக்கார் வரை ஒரு போட்டியே அமைத்துவிட்டார். 1978 டிசம்பர் 26 ஆம் திகதி 182 வண்டிகள் புறப்பட்டன. 1979 ஜனவரி 14 இல் டக்காரை அடைந்தவை 74. வென்றவர் சிரில் நெவூ. வண்டி யமஹா எக்ஸ்.ரி. 500. ஏறத்தாழ 10,000 கிலோமீற்றர் தூரத்தில் தார் வீதியும் கல்நிலமும் மணற்குன்றும் மாறி மாறி வந்தன. 1980 இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் ஆர் 80 ஜி.எஸ். வண்டியை வெளியிட்டது. அவ்விரு எழுத்துகளும் நிலம், வீதி என்னும் ஜேர்மன் சொற்களின் முதலெழுத்துகள். 800 சி.சி. அளவான இவ்வண்டி மணிக்கு 160 கிலோமீற்றருக்கு மேல் ஓடவல்லது. சேற்றுக் கட்டி ரயர்களை அந்த வேகத்தில் நம்ப முடியாது. இவ்வாறு வேகத்தையும் பாரத்தையும் தாங்கும் புதிய இரு தரை ரயர்கள் இன்றியமையாதனவாயின. 1981 இல் ஊபேர் ஓரியோல் இவ்வகை வண்டியிலேயே டக்காரை வென்றார்.

அதன்பின் வந்த ரயர்களின் பின்சில்லுப் பகுதியை உற்று நோக்குவோர் நடுவிலே கட்டிகள் ஒன்றோடொன்று இணைந்து செல்வதைச் சிலவற்றிற் காணலாம். நேர்வீதியில் அதிகம் தேய்வது நடுப்பகுதியே. ஆதலால் அங்கு இறப்பர் தொடர்ச்சியாக அமைகிறது. ஓரங்களில் கட்டிகள் பிரிந்து நின்று மண்ணைப் பற்றும். வேறு சிலவற்றில் நடுவே இறுகிய கலவையும் ஓரத்தே மென்கலவையும் இடப்படுகின்றன. 1990களில் காபன் கரியோடு சிலிக்காவும் சேர்க்கப்பட்டது; ஈரத் தரையில் வழுக்கும் குறை அதனால் ஓரளவு தணிந்தது. ஆயினும் தொம்சனின் சிக்கல் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை.

ரயர் வாங்குவோர்க்கு 50க்கு 50 என்றும் 80க்கு 20 என்றும் கணக்குக் கூறப்படும். முன்னெண் தார் வீதி, பின்னெண் மண். இது ஆக்குவோரின் மதிப்பேயன்றி அளவைச் சட்டமன்று. வாங்குவோர் தம் பங்குக்குக் கனவிற் காணும் மலைப்பாதையைக் கணக்கிலிடாது, சென்ற ஆண்டு உண்மையாக ஓடிய மண் வீதியைக் கணக்கிடல் நன்று. இரு சில்லுக்கும் ஒரே வகை வேண்டுமென்பதும் இல்லை. வண்டியை உந்துவது பின்சில்லு. அதுவே விரைந்து தேயும். திசை காட்டுவது முன்சில்லு. அது வழுக்கினால் மீட்சி அரிது. ஆகவே அனுபவமுள்ளோர் பலர் பின்னே ஆயுள் மிக்கதையும் முன்னே பிடி மிக்கதையும் பூட்டுகின்றனர். வண்டியை ஆக்கியோர் குறித்த அளவையும் பாரத் தகைமையையும் மட்டும் மீறுவதில்லை. பக்கச் சுவரிலுள்ள எழுத்து வேகத்தின் எல்லையைக் காட்டும்: கியூ எனில் 160, ரி எனில் 190, எச் எனில் 210 கிலோமீற்றர். அதே சுவரில் நான்கு இலக்கங்கள் உண்டு. 2319 எனக் கண்டால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் ஆக்கியது என்பது பொருள். ஆண்டுகள் சென்ற இறப்பர், கட்டி உயர்ந்து புதியதுபோல் தோன்றினும், உள்ளே இறுகியிருக்கும். மணலில் இறங்குமுன் காற்றமுக்கத்தைக் குறைப்பது நெடுநாள் வழக்கம்; தார் வீதிக்கு ஏறியதும் மீண்டும் நிரப்ப மறந்தால், ரயரின் உடலே வெப்பமேறிக் கெடும்.

செயற்கை இறப்பரின் பெருக்கத்துக்குப் பின்னும் மரத்துப் பாலின் தேவை குன்றவில்லை. கூரிய கல்லிற் பட்டுக் கட்டி பிய்வதையும், ஒரு சிறு வெட்டு நீண்டு கிழிவதையும் தடுப்பதில் இயற்கை இறப்பர் இன்னும் மேலோங்கி நிற்கிறது. அது நெளியும்போது எழும் வெப்பமும் குறைவு. பாரவண்டிகளின் ரயர்களிலும் விமானங்களின் ரயர்களிலும் கல்நிலத்தில் ஓடும் ரயர்களிலும் ஹெனரத்கொடையில் நட்ட அதே இன மரத்தின் பால் இன்றும் கலக்கப்படுகிறது.