பிண்டாரிப் பனியாற்றின் தலைமாட்டில் ஒரு கணவாய்

உத்தராகண்டின் குமாவோன் மலைப்பகுதியில், பிண்டாரிப் பனியாறு தொடங்கும் உச்சியில், நந்தா கோட் (6,861 மீட்டர்) சிகரத்துக்கும் சாங்குச் (6,322 மீட்டர்) சிகரத்துக்கும் இடையே பனி மூடிய பள்ளம் ஒன்று இருக்கிறது. அதன் உயரம் 5,300 மீட்டரை ஒட்டியது. வரைபடத்துக்கு வரைபடம் கொஞ்சம் ஏறி இறங்கும். தெற்கே பிண்டர் ஆற்றின் பள்ளத்தாக்கு, வடகிழக்கே லவான் ஓடையும் கோரி கங்கையும் பாயும் ஜோஹார் பள்ளத்தாக்கு. இன்றைய நிர்வாகக் கணக்கில் பாகேஷ்வர் மாவட்டத்தையும் பித்தோராகட் மாவட்டத்தையும் இந்தப் பள்ளம் இணைக்கிறது. வரைபடங்களில் இதன் பெயர் ட்ரெயில் கணவாய். மலையடிவாரத்து ஊர்க்காரர்கள் சொல்லிவந்த பெயர் பிண்டாரி காண்டா. வரைபடப் பெயர் வழிகாட்டிக்குப் பின்னால் நடந்துபோன ஒருவருடையது.

கணவாயின் இரு பக்கமும் இருந்தவர்கள் வேறுவேறு வாழ்க்கை வாழ்ந்தவர்கள். தெற்கே தான்பூர் பகுதி மக்கள் மலைச்சரிவில் படிக்கட்டு வயல் வெட்டிப் பயிரிட்டு, ஆடு மேய்த்தவர்கள். வடக்கே ஜோஹாரில் இருந்த சௌகா மக்கள் திபெத் வணிகர்கள். ஆங்கிலேயர் இவர்களைப் பொதுவாக போட்டியா என்று எழுதினர். கோடையில் மிலம், மார்த்தோலி போன்ற உயரமான ஊர்களில் தங்குவார்கள். அங்கிருந்து ஊண்டாதுரா, ஜெயந்தி, குங்ரி பிங்ரி என்னும் மூன்று கணவாய்களைக் கடந்தால்தான் திபெத். நடுவில் தங்குவதற்கு வசதியில்லாததால் மூன்றையும் முடிந்தவரை ஒரே மூச்சில் கடக்கப் பார்ப்பார்கள். தானியமும் துணியும் வெல்லமும் போகும். உப்பும் வெண்காரமும் கம்பளி மயிரும் வரும். சுமை தூக்கியவை பெரும்பாலும் ஆடுகள். முதுகின் இருபுறமும் தொங்கும் சிறு பைகளில் ஆட்டுக்குச் சுமார் பத்து கிலோ. குளிர்காலத்தில் கோரி கங்கையை ஒட்டிக் கீழே இறங்கி, முன்சியாரி வழியாகச் சமவெளி நோக்கி வருவார்கள். நம் பொங்கல் நாளை ஒட்டி பாகேஷ்வரில் கூடும் உத்தராயணி சந்தையில் திபெத்தியக் கம்பளி கைமாறும்.

இந்த வழக்கமான வணிகப் பாதையில் பிண்டாரி காண்டா இல்லை. தான்பூரிலிருந்து ஜோஹாருக்குப் போக வேண்டுமானால், மலைத்தொடரைச் சுற்றிக்கொண்டு முன்சியாரிக்குப் போய், கோரி கங்கையின் குறுகலான பள்ளத்தாக்கில் மேலே ஏற வேண்டும். நேர்கோட்டில் பார்த்தால் இரு பகுதிகளும் அடுத்தடுத்த வீடுகள், நடுவில் பனிச்சுவர். ஒரு காலத்தில் அந்தச் சுவரைத் தாண்டியே போக்குவரத்து இருந்தது என்றும், பனியில் பிளவுகள் பெருகியதால் வழி கைவிடப்பட்டது என்றும் தான்பூரில் வழங்கிவந்த நினைவுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வழியைத் தேடவைத்தது.

தேடச் சொன்னவர் ஜார்ஜ் வில்லியம் ட்ரெயில். 1815-இல் கூர்க்கர்களிடமிருந்து குமாவோன் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்ததும் அங்கே பணிக்கு வந்தவர். விரைவிலேயே ஆணையராகி 1835 வரை அந்தப் பதவியில் இருந்தார். இருபது ஆண்டுக்காலம் ஏறக்குறைய ஒரே ஆளின் ஆட்சி. 1823-இல் அவர் ஊர் ஊராக எல்லை வரையறுத்த நிலவரித் திட்டம், விக்ரம ஆண்டு 1880-இல் வந்ததால், 'அஸ்ஸி சால்', அதாவது எண்பதாம் ஆண்டுத் திட்டம் என்றே பெயர்பெற்றது. காட்டுக்கும் மேய்ச்சலுக்கும் வழக்காடிய கிராமங்கள் பின்னர் வெகுகாலம் அந்த எல்லைகளையே சாட்சிக்கு இழுத்தன. போட்டியா பகுதிகளைப் பற்றி அவர் எழுதிய விரிவான அறிக்கையும் உண்டு. திபெத் வணிகத்தின் மீது கண் வைத்திருந்த அதிகாரிக்கு ஜோஹாருக்கு ஒரு குறுக்குவழி என்பது வெறும் சாகசமாக இருந்திருக்க முடியாது.

1830-இல் கணவாய் கடக்கப்பட்டது. முன்னே நடந்தவர் தான்பூரின் சுபி கிராமத்து மலக் சிங். ஊர் வழக்கில் கதை இப்படிப் போகிறது: முதல் முயற்சிகளில் ஆட்கள் பனிப்பிளவுகளைக் கண்டு பின்வாங்கினார்கள்; மலக் சிங் மட்டும் மேலே போய் வழி கண்டார்; அதன்பிறகே ட்ரெயிலை அழைத்துச் சென்றார். பரிசாக ஊர்த்தலைவருக்குரிய 'பூடா' என்ற பட்டம் கிடைத்தது. கதையில் எவ்வளவு சரித்திரம், எவ்வளவு பெருமிதம் என்று பிரிப்பது கடினம். ஆனால் பிண்டாரியின் மேல்பகுதியைப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரியும். உடைந்து சரிந்து கிடக்கும் அந்தப் பனி அருவியில், ஆண்டுதோறும் பிளவுகள் இடம்மாறும் இடத்தில், எந்த விளிம்பை நம்பலாம் என்று சொல்ல ஓர் ஆணையரின் அதிகாரம் உதவாது. அது மேய்ச்சல்காரனின் கண்ணுக்கும் காலுக்கும் தெரிந்த விஷயம்.

ட்ரெயிலுக்கு அந்தப் பயணத்தில் பனிக்குருடு ஏற்பட்டது என்பது அல்மோராவில் இன்றும் சொல்லப்படும் செய்தி. அதற்கு ஊர் சொன்ன காரணம் வேறு. குமாவோனின் சந்த் அரசர் பாஜ் பகதூர் சந்த் பதினேழாம் நூற்றாண்டில் கர்வாலின் மீது படையெடுத்து, பதான்கட் கோட்டையிலிருந்து நந்தா தேவியின் திருவுருவைக் கொண்டுவந்து அல்மோரா அரண்மனையில் வைத்திருந்தார். கம்பெனி ஆட்சி வந்ததும் ட்ரெயில் அதை அரண்மனை வளாகத்திலிருந்து அகற்றினார். அந்தக் கோபத்தில், தன் பெயர் தாங்கிய மலையருகே தேவி அவர் கண்ணைப் பறித்துக்கொண்டாள். கோயில் எடுத்து வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்த பிறகு பார்வை திரும்பியது. மருத்துவம் சொல்வது எளிது: பனியில் பட்டுத் தெறிக்கும் புற ஊதாக் கதிர்கள் விழிப்படலத்தைச் சுட்டுவிடுகின்றன, இருட்டில் ஓரிரு நாள் கண்ணை மூடிக் கிடந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கோயில் கட்டுவதற்கு அதைவிட நாளாகும் என்பதைக் கதை பொருட்படுத்தவில்லை. கதைக்குத் தேவைப்பட்டது, புதிய அரசு பழைய தெய்வத்துக்கு வணங்கியது என்ற கணக்கு.

தேவி அடுத்த பயணத்திலும் வந்தாள். 1855-இல் ஜெர்மானியரான அடால்ப் ஷ்லாகின்ட்வைட் கணவாயைக் கடந்தார். ஹெர்மன், அடால்ப், ராபர்ட் என்னும் மூன்று சகோதரர்கள், அறிஞர் ஹும்போல்ட்டின் பரிந்துரையால் கம்பெனிக்காக அறிவியல் ஆய்வு செய்ய வந்தவர்கள். பம்பாயில் இறங்கித் தக்காணத்தைக் கடந்து சென்னை வரை வந்து, பிறகே வடக்கே போனார்கள். அடால்பின் ஆட்கள் ஏறுமுன் ஆடு பலியிட்டார்கள். ஆனாலும் உச்சியில் திடகாத்திரமான சிலர் வலிப்பு வந்தவர்போல விழுந்து துடித்தனர். நந்தா தேவி இறங்கிவிட்டாள் என்று மற்றவர்கள் அலறினர். அந்த உயரத்தில் கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய பாதிதான். களைப்பும் குளிரும் அச்சமும் கூடும்போது சாமி வருவதற்கு வேறென்ன வேண்டும்? நம் ஊர்த் திருவிழாக்களைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. அடால்ப் அதே கோடையில் அபி காமின் சிகரத்தில் 6,785 மீட்டர் வரை ஏறினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1857-இல், காஷ்கரில் ஒற்றன் என்று சந்தேகிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். சகோதரர்களோடு திபெத் போய்வந்த மிலம் ஊர் மணி சிங்கும் நைன் சிங்கும் பின்னாளில் இந்திய நில அளவைத் துறையின் 'பண்டிட்' என்னும் புகழ்பெற்ற அளவையாளர்களானார்கள்.

ட்ரெயில் கடந்த 1830-இல், இமயமலையில் பனியாறுகள் உண்டா என்பதே ஐரோப்பிய அறிவியலில் தீராத கேள்வி. வெப்ப நாட்டுக்கு அருகில் இருக்கும் மலையில் ஆல்ப்ஸ் போலப் பனியாறு இருக்க முடியாது என்ற எண்ணம் பலருக்கு இருந்தது. 1847-இல் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி பிண்டாரிக்கும் அருகிலுள்ள கப்னிக்கும் போய், அவை உண்மையான பனியாறுகளே என்று விவரித்து எழுதினார். அடுத்த ஆண்டு நகர்வையும் அளந்தார். புத்தகத்தில் இல்லாத பனியாற்றின் மேல் மலக் சிங் அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே ஏறிவிட்டிருந்தார்.

பிறகு கடந்தவர்கள் மிகக் குறைவு. 1861-இல் எட்மண்ட் ஸ்மித். இவர்தான் குமாவோன் கல்வி அதிகாரியாக இருந்து நைன் சிங்கை நில அளவைக்குப் பரிந்துரைத்தவர். 1920களில் அல்மோராவின் துணை ஆணையர் ஹக் ரட்லெட்ஜ். 1933, 1936 எவரெஸ்ட் பயணங்களுக்குத் தலைமை வகித்தவர். 1941-இல் இந்தியக் குடிமைப் பணி (ஐ.சி.எஸ்.) அதிகாரி எஸ். எஸ். கேரா, அதே சுபி ஊர்க்காரரான திவான் சிங்கின் துணையோடு கடந்தார். நூற்றுப்பத்து ஆண்டுகளில் அதிகாரிகள் மாறினார்கள், அரசே கம்பெனியிடமிருந்து முடியாட்சிக்கு மாறியது. வழிகாட்டி மட்டும் ஒரே ஊரிலிருந்து வந்தார்.

சுமை தூக்கியவர்களின் கதை இன்னும் குறைவாகவே பதிவாகியுள்ளது. அதிகாரிகள் பயணம் போனால் கிராமத்தார் முறைவைத்து இலவசமாகவோ அற்பக் கூலிக்கோ சுமக்க வேண்டும் என்ற 'கூலி பேகார்' குமாவோனில் இருந்தது. ட்ரெயிலே 1820களில் கோவேறு கழுதைப் படை அமைத்து அதற்கு மாற்றுத் தேட முயன்றார், வழக்கம் ஒழியவில்லை. 1921 ஜனவரி உத்தராயணி சந்தையில்தான், பத்ரி தத் பாண்டே முதலியோர் முன்னின்று, ஊர்ச் சுமைப் பதிவேடுகளை பாகேஷ்வரில் சரயு ஆற்றில் எறிந்தார்கள்.

1962 போருடன் திபெத் வணிகம் முடிந்தது. மிலமும் மார்த்தோலியும் காலியாகத் தொடங்கின; கூரையிழந்த கல்வீடுகள் வரிசையாக நிற்கின்றன. அடுத்து வந்தவர்களின் அக்கறை வணிகம் அல்ல, உளவு. சீன அணுச் சோதனைகளை வேவு பார்க்க 1965-இல் நந்தா தேவிச் சரிவில் விட்டுவந்த புளூட்டோனியக் கருவி தொலைந்தபின், 1967-இல் வேறொன்று கணவாயை ஒட்டி நிற்கும் நந்தா கோட்டின் மேல் வைக்கப்பட்டது. பின்னர் அது மீட்கப்பட்டது.

இன்று இந்தக் கணவாய் மலையேற்றக்காரர்களுடையது, அதுவும் தேர்ந்தவர்களுடையது. பாதை கடைசி ஊரான காதியிலிருந்து காடு வழியே ஏறி, கப்னி ஆறு வந்து கலக்கும் த்வாலி, புல்வெளி தொடங்கும் புர்கியா ஆகியவற்றைத் தாண்டி, 'ஜீரோ பாயிண்ட்' என்னும் சுமார் 3,600 மீட்டர் மேட்டை அடைகிறது. பெரும்பாலான பயணிகள் அங்கிருந்து பனியாற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதற்கு மேல் பக்கவாட்டுச் சரளை மேடுகளைப் பிடித்து ஏறி, பனி அருவியை ஓரம்கட்டி, பிளவுகளுக்கு இடையே ஒருவரோடொருவர் கயிற்றில் பிணைந்து நடக்க வேண்டும். காலணியில் முள்தகடும் கையில் பனிக்கோடரியும் இல்லாமல் முடியாது. விடியலுக்கு முன்பே கிளம்புவது வழக்கம். வெயில் ஏறினால் பிளவுகளை மூடியிருக்கும் பனிப்பாலங்கள் இளகிவிடும். உச்சியை அடைந்தால் பாதி வேலைதான். லவான் பக்கம் செங்குத்து. கயிறு கட்டி இறங்கியே லவான் பனியாற்றைத் தொட முடியும். பிறகு ஓடையை ஒட்டி மார்த்தோலிக்கு நடை.

மலக் சிங் பார்த்த பனியாறு இப்போது அங்கே இல்லை. ஸ்ட்ரேச்சி காலத்துக்குப் பின் 1906-இல் நிலவியல் துறையினர் பனியாற்றின் மூக்குப் பகுதியை வரைந்தனர். 1845-க்கும் 1966-க்கும் இடையே பிண்டாரி 2,840 மீட்டர் பின்வாங்கியது, ஆண்டுக்குச் சராசரி 23 மீட்டர். பனி இறங்கிப்போன இடத்தில் பக்கச் சுவர்கள் தாங்கலின்றிச் சரிகின்றன. பழைய குறிப்புகளில் புல் மேடாக வரும் இடங்கள் சில, இப்போது மண்சரிவின் விளிம்புகள். அதனால் முன்பு கடந்தவரின் குறிப்பை அப்படியே பின்பற்றிக் கடக்க முடிவதில்லை. ஒவ்வொரு குழுவும் பனி அருவிக்கு முன்னால் நின்று, இந்த ஆண்டு இடப்பக்கமா வலப்பக்கமா என்று புதிதாகப் பார்த்தே காலை வைக்கிறது. மறுபுறம் மார்த்தோலியில் ஒரு சிறு நந்தா தேவி கோயில் இருக்கிறது. வீடுகள் இடிந்த பின்னும் கோடையில் அங்கே பூசை நடக்கிறது.