வீட்டில் தயாரிக்கும் கிரனோலா: இனிப்பும் அளவும் உங்கள் கையில்

கிரனோலா என்பது ஓட்ஸ், கொட்டைகள், விதைகள் ஆகியவற்றை எண்ணெயும் இனிப்பும் சேர்த்து மொறுமொறுப்பாக வறுத்த உணவாகும். பாலிலோ தயிரிலோ கலந்து காலை உணவாக உண்ணப்படுகிறது. சத்தான உணவு எனக் கருதப்பட்டாலும், இனிப்பு மிகுந்துவிட்டால் இது தின்பண்டத்திற்கு நிகராகிவிடும்.

கடையில் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

பொட்டலத்தில் சேர்பொருட்கள் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்படுகின்றன. சர்க்கரை, தேன், குளுக்கோஸ் சிரப் போன்றவை முதல் சில இடங்களில் இருந்தால் தவிர்ப்பது நல்லது. 100 கிராமில் 20 கிராம் சர்க்கரை எனக் குறிப்பிடப்பட்டிருந்தால், 40 கிராம் உண்பவருக்கு 8 கிராமும், கிண்ணம் நிறைய 80 கிராம் உண்பவருக்கு 16 கிராமும் சேரும்.

சேர்க்கப்படும் சர்க்கரை, நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்றும், 5 விழுக்காட்டுக்கும் குறைவாக இருப்பது மேலும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. 2,000 கிலோகலோரி உண்பவருக்கு இவை முறையே 50 கிராம், 25 கிராம் ஆகும். வெல்லமும் தேனும் இக்கணக்கில் அடங்கும்.

தேவையான பொருட்கள்

• ஓட்ஸ் – 300 கிராம்
• வேர்க்கடலை – 75 கிராம்
• பூசணி விதை, எள் – தலா 25 கிராம்
• பொடித்த வெல்லம் – 40 கிராம்
• எண்ணெய் – 2 மேசைக்கரண்டி
• உலர்திராட்சை – 30 கிராம்
• ஏலக்காய்ப்பொடி, உப்பு – சிறிதளவு

செய்முறை

1. அடிகனமான வாணலியில் ஓட்ஸைச் சிறுதீயில் 8 முதல் 10 நிமிடம் வறுக்கவும். வேர்க்கடலையைத் தனியே வறுத்துத் தோல் நீக்கி உடைக்கவும். விதைகளையும் தனியே வறுக்கவும்.
2. வெல்லத்தை 2 மேசைக்கரண்டி நீரில் கரைத்து வடிகட்டி, பிசுபிசுப்பாகும் வரை காய்ச்சி, எண்ணெய், உப்பு, ஏலக்காய்ப்பொடி சேர்க்கவும்.
3. வறுத்தவற்றை அதில் கலந்து, ஈரம் வற்றும் வரை சிறுதீயில் கிளறவும்.
4. நன்கு ஆறிய பின் உலர்திராட்சை சேர்க்கவும்.

உண்ணும் அளவு

ஒரு வேளைக்கு 40 கிராம் போதுமானது. இதில் ஏறத்தாழ 180 கிலோகலோரியும் 5 கிராம் புரதமும் உள்ளன. வெல்லத்தின் பங்கு சுமார் 3 கிராம் மட்டுமே. முதல் சில நாட்கள் எடை பார்த்து, அந்த அளவு கொள்ளும் சிறு கிண்ணத்தையே தொடர்ந்து பயன்படுத்தவும். இனிப்பில்லாத பால் அல்லது தயிருடன், ஒரு பழமும் சேர்த்து உண்ணலாம். ஓட்ஸில் உள்ள பீட்டா-குளுக்கன் என்னும் கரையும் நார்ச்சத்து, கெட்ட கொழுப்பைக் (எல்.டி.எல்.) குறைக்க உதவுகிறது.

பாதுகாப்பு

பூஞ்சை பிடித்த, நிறம் மாறிய, சுருங்கிய வேர்க்கடலையைப் பயன்படுத்தக் கூடாது. அதில் உருவாகும் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு கல்லீரல் புற்றுநோயுடன் தொடர்புடையது. வறுப்பதால் அது முழுமையாக அழிவதில்லை. தயாரித்த கிரனோலாவை ஈரமற்ற, காற்றுப் புகாத பாத்திரத்தில் வைத்து இரண்டு வாரங்களுக்குள் பயன்படுத்தவும். காறல் வாடை வந்தால் அப்புறப்படுத்தவும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

• நீரிழிவு உள்ளவர்கள்: வெல்லத்தையும் உலர்திராட்சையையும் தவிர்க்கவும். ஆயினும் ஓட்ஸும் மாவுச்சத்து உடையதே. இட்லி, தோசைக்கு மாற்றாக உண்ண வேண்டுமேயன்றி, அவற்றுடன் கூடுதலாக அன்று.
• 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள்: முழுக் கொட்டைகள் மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடும். பொடித்துக் கஞ்சியாகக் கொடுக்கவும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் கொடுக்கக் கூடாது.
• முதியோர்: பாலில் 10 நிமிடம் ஊறவைத்து உண்ணலாம்.
• சிறுநீரக நோய் உள்ளவர்கள்: கொட்டைகளில் பொட்டாசியமும் பாஸ்பரசும் மிகுதி, மருத்துவரின் ஆலோசனை பெறவும்.
• வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள்: முற்றிலும் தவிர்க்கவும். உண்ட பின் மூச்சுத்திணறலோ முகவீக்கமோ ஏற்பட்டால் உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்கவும்.