எஞ்சினும் நிமிஷக் கணக்கும்

மோட்டார் வண்டியின் எஞ்சின் ஒன்றை உருவாக்க எத்தனை பேருடைய எத்தனை நிமிஷ உழைப்பு வேண்டும், அதற்குக் கூலி எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லும் வித்தை எப்படிக் கைகூடியது என்பதை அறிய விரும்புவோர், அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் இயங்கிய ஃபோர்டு தொழிற்சாலையின் சரித்திரத்தைப் படிப்பது அவசியம்.

மேஸ்திரியின் அனுபவமும் ஊகமுமே கணக்காக இருந்த காலத்தில், வேலையைச் சிறு அசைவுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் கடிகாரத்தால் அளந்து, களைப்புக்கும் தடங்கலுக்கும் ஒரு பங்கு கூட்டி, ஒரு நாளில் ஒருவன் செய்யத்தக்கது இவ்வளவு என்று நிர்ணயிக்கும் முறையை வகுத்தவர் பிரெடரிக் டெய்லர். அந்தக் கடிகாரத்தைத் தொழிலாளர்கள் மனமுவந்து ஏற்கவில்லை. 1911-இல் அமெரிக்க ராணுவத்தின் வாட்டர்டவுன் ஆயுதசாலையின் வார்ப்புத் தொழிலாளர்கள் அதை எதிர்த்து வேலைநிறுத்தமே செய்தார்கள்.

ஃபோர்டு தொழிற்சாலையில் 1913-ஆம் வருஷம் தொடங்கியது இன்னும் நுட்பமானது. எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மாக்னெட்டோவை, அதாவது ஃப்ளைவீலில் பதினாறு காந்தங்களைப் பொருத்திய சாதனத்தை, ஒரே ஆள் முழுதாகச் செய்து முடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. அதே வேலையை 29 பகுதிகளாகப் பிரித்து வரிசையில் நின்றவர்களுக்குப் பங்கிட்டபோது 13 நிமிஷம் 10 விநாடியாகக் குறைந்தது. குனிந்து குனிந்து முதுகு நோகிறது என்பதைக் கவனித்து, மேடையை எட்டு அங்குலம் உயர்த்தியதும் ஏழு நிமிஷமாயிற்று. பின்னர் வேகத்தைச் சீர்படுத்தியபோது ஐந்து நிமிஷத்துக்கு வந்தது. மனித தேகத்தின் சிரமத்தைப் பொருட்படுத்தியதனாலேயே காலம் மிச்சமாயிற்று என்பதை நான் இந்தச் சரித்திரத்தின் மிக உயர்ந்த பாடமாகக் கருதுகிறேன். எஞ்சினை முழுதாகப் பூட்டும் வேலையும், ஒருவர் செய்தபோது பிடித்த 594 நிமிஷத்திலிருந்து, 84 பகுதிகளாகப் பிரித்துப் பங்கிட்டதும், எல்லோருடைய உழைப்பையும் கூட்டி 226 நிமிஷமாகச் சுருங்கியது.

ஆயினும் அந்தக் கணக்கில் ஒரு பெரிய செலவு விடுபட்டிருந்தது. நாள் முழுதும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய மனம் பொறுக்காத மனிதர்கள் கூட்டங்கூட்டமாக வேலையை விட்டு நீங்கினார்கள். 14,000 பேரை நிலைநிறுத்த 1913-இல் மட்டும் 52,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. புதியவனைப் பழக்கும் நேரமும் அவன் கெடுக்கும் பொருளும் நிமிஷக் கணக்கில் எங்கே எழுதப்பட்டன?

1914 ஜனவரியில் நிர்வாகம் ஒன்பது மணி நேர வேலையை எட்டாகக் குறைத்து, 2 டாலர் 34 சென்ட்டாக இருந்த தினக்கூலியை ஐந்து டாலராக உயர்த்தியது. அதில் ஏறக்குறைய பாதி லாபப் பங்கு என்ற பெயரில், தொழிலாளியின் இல்வாழ்க்கையை விசாரித்தபின்னரே அளிக்கப்பட்டது என்பது அந்த ஏற்பாட்டின் குறை. எனினும் அதை வெறும் தர்மமாக எண்ணுவது பிழை. தவறான மதிப்பீட்டின் திருத்தமே அது. ஆண்டுக்கு 370 சதவீதமாக இருந்த ஆள் மாற்றம் 1914-இல் 54 சதவீதமாகவும், 1915-இல் 16 சதவீதமாகவும் இறங்கியது.